ஒஸ்லோவுக்கு ஒரு தனிப் பயணம்



வரிப்பத்திரம் நிரப்புவது எப்படி, பாலர் பாடசாலையில் இடம் எடுப்பது எப்படி, வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் போட்டால் என்ன செய்வது என்று இந்தப் பக்கத்தில் மாதாமாதம் எழுதி வருகிறோம். இம்முறை அவற்றைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பயணத்தைப் பற்றி எழுதப் போகிறோம். குடும்பத்தோடு வானில் அடைந்துகொண்டு போகும் பயணமல்ல. ஒருவர் மட்டும், தனியே, ஐந்து நாட்களுக்குள் முடிகிற பயணம். ஜேர்மனியில் இருந்து நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவுக்கு. பத்திரிகை வழக்கப்படி "நாம்" என்று எழுதுகிறோமே தவிர, 2024 வைகாசிக் கடைசியில் போய் வந்தது இதை எழுதும் ஒரே ஆள்தான். பெட்டியும் ஒன்றுதான்.

"தனியவோ?" என்பதுதான் முதல் கேள்வி. மச்சாள் கேட்டா, பக்கத்து வீட்டு அக்கா கேட்டா, கடையில் தேங்காய்ப்பூ வாங்க நின்ற இடத்தில் தெரியாத ஒரு அம்மாவும் கேட்டா. "ஏன், இவருக்கும் உங்களுக்கும் ஏதும் பிரச்சினையோ?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். இல்லை. இவருக்கு லீவு இல்லை, மகளுக்குப் பரீட்சை, மகனுக்கு ஒஸ்லோவில் ஆர்வமில்லை. எமக்கோ போகவேண்டிய காரணம் ஒன்று இருபத்தாறு வருடமாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில், புதிதாக வந்து குடியேறியிருப்பவர்களுக்குத் தேவையான விசயத்துக்கு வருவோம்.

முதலாவது பத்திரம்

பயணத்தை ரிக்கற்றில் இருந்து தொடங்காதீர்கள், பத்திரத்தில் இருந்து தொடங்குங்கள். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2001 பங்குனியில் இருந்து செங்கன் எல்லைக்குள் இருக்கிறது. ஆகையால் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் போன்ற இன்னொரு செங்கன் நாட்டின் செல்லுபடியான வதிவிட அனுமதியும், செல்லுபடியான பயணப் பத்திரமும் இரண்டும் கையில் உள்ளவர் தனி விசா எடுக்காமல் போய்வரலாம். எந்த 180 நாள் காலத்திலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது, அங்கே வேலை செய்யக்கூடாது. இரண்டும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அட்டை மட்டும் போதாது, புத்தகம் மட்டும் போதாது. தஞ்ச வழக்கு இன்னும் முடியாதவர்கள், தற்காலிகப் பத்திரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து "சும்மா போய்ப் பாப்பம்" என்று வெளிக்கிட வேண்டாம். திரும்பி வருகிற வழியில் வழக்குக்கே கேடு வரலாம். முதலில் உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள். இங்கிலாந்தில் அல்லது கனடாவில் அகதிப் பத்திரம் எடுத்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது; அவர்கள் நோர்வே தூதரகத்தில் விசாரிக்க வேண்டும்.

செங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பதும் முழு உண்மையல்ல. 2015 கடைசியில் இருந்து சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகள் காலத்துக்குக் காலம் தம் துறைமுகங்களிலும் பாலங்களிலும் சோதனை வைத்து வந்திருக்கின்றன. இதை எம் தலையால் அனுபவித்தோம். கப்பல் ஒஸ்லோவில் கட்டி, சனம் முழுவதும் இறங்கி நடக்கிறது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர். எமக்கு முன்னால் போன முப்பது பேரையும் பார்க்கவில்லை, எம்மைப் பார்த்தார்கள். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீலப் புத்தகம் கைப்பையில் இருந்தது. வதிவிட அட்டையோ "கவனமாக" என்று நினைத்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தோம். நடுவழியில் பெட்டியைத் திறந்து, முறுக்குப் பார்சலை எடுத்து நிலத்தில் வைத்து, சேலையை எடுத்துத் தோளில் போட்டு, அட்டையைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் 1980களின் கடைசியில் விமான நிலையத்தில் நின்ற அதே நடுக்கம் முழங்காலில் வந்தது. பொலிஸ்காரர் இளம் பிள்ளை. பார்த்தார், திருப்பித் தந்தார், "வெல்கொம்மன்" என்றார். அவ்வளவுதான். ஆகவே மூலப் பத்திரங்கள் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பிரதிகள் பெட்டியில் இருக்கட்டும். நாம் செய்ததன் எதிர்மாறு.

இத்தனை வருடமாகியும் ஏன் நீலப் புத்தகம் என்று கேட்பீர்கள். எமக்கு அங்கீகாரம் கிடைத்தது 2001 இல். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காததற்கு மொழிப் பரீட்சைப் பயமும் சோம்பலும்தான் காரணம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கப்பலா, விமானமா

விமானத்தில் போவதென்றால் ஒரு பொறி இருக்கிறது. மலிவு ரிக்கற்றில் "ஒஸ்லோ" என்று போட்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் பக்கத்தில் "தோர்ப்" என்று இருக்கும். அது ஒஸ்லோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரத்தில் சன்டெஃபியோர்ட் என்ற ஊரில் இருக்கும் விமான நிலையம். இரவில் போய் இறங்கினால் பஸ் காசும் நேரமும் சேர்ந்து மலிவெல்லாம் போய்விடும். ஒஸ்லோவின் பெரிய விமான நிலையம் வடக்கே உள்ள கார்டர்மூன். அங்கிருந்து நகரத்துக்கு இரண்டு வகை ரெயின் உண்டு. விளம்பரம் எல்லாம் விரைவு ரெயினுக்குத்தான். அதே தண்டவாளத்தில் போகும் சாதாரண ரெயின் சில நிமிடம் மட்டுமே கூட எடுக்கும், காசு ஏறத்தாழப் பாதி.

நாம் கப்பலில் போனோம். கீல் நகரில் இருந்து பிற்பகல் 2 மணிக்கு வெளிக்கிட்டு மறுநாள் காலை 10 மணிக்கு ஒஸ்லோவில் இறங்கும். இருபது மணித்தியாலம். இதில் நன்மை என்னவென்றால் ஒரு இரவுத் தங்கல் கப்பலிலேயே முடிந்துவிடுகிறது. தீமை, அறைக்குத்தான் விலை, ஆளுக்கல்ல. தனியாளும் அறைக்காசு முழுவதையும் கட்டவேண்டும். யன்னல் இல்லாத உள்ளறை மலிவு. அதில்தான் போனோம். பகல் முழுவதும் மேல்தட்டில் நிற்கப் போகிறவருக்கு அறையில் யன்னல் எதற்கு? விலை கிழமைநாளில் குறைவு, சனி ஞாயிறிலும் பள்ளிவிடுமுறையிலும் கூட.

கீல் ரெயின் நிலையத்தில் இருந்து கப்பற்றுறைக்கு நடந்தே போகலாம், பத்து நிமிடம். இடையில் ஒரு சிறிய மடிப்புப் பாலம். படகு வந்தால் பாலம் மூன்றாக மடிந்து மேலே எழும்பும், நீங்கள் பெட்டியோடு காத்திருக்க வேண்டும். கப்பல் உங்களுக்காகக் காத்திராது. மூன்று மணித்தியாலம் முந்தியே கீலுக்குப் போய்ச் சேருகிற மாதிரி ரெயின் எடுங்கள்.

பின்னேரம் ஆறு மணியளவில் கப்பல் டென்மார்க்கின் பெரிய பாலத்துக்குக் கீழால் போகும். தூண் ஒவ்வொன்றும் 254 மீற்றர் உயரம். கப்பலின் புகைபோக்கி இடிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடும். வாகனங்களுக்காக அந்தப் பாலத்தைத் திறந்தது 1998 ஆனியில். மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த ஆண்டு மனதில் பட்டது.

காரணம்

1998 தை மாதம் ஒஸ்லோவில் எங்கள் பெரியண்ணா மாரடைப்பால் காலமானார். 1987 இல் நோர்வேக்கு வந்தவர். முதலில் வடக்கே, ஃபின்மார்க்கில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. எம்மவர் பலர் அப்படித்தான் அந்த நாட்டில் தொடங்கினார்கள். மாரியில் சூரியனே எழும்பாத கடற்கரை ஊர்களில், விறைத்த கையோடு. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஒரு உணவகத்தின் குசினியில் நின்றார். கலியாணம் கட்டவில்லை. எங்கள் மூன்று சகோதரிகளின் பயணத்துக்கும் காசு கட்டியவர் அவர்தான்.

அந்த நேரம் எங்கள் வழக்கு முடியவில்லை. ஜேர்மனியில் தஞ்சம் கேட்டவர் தன் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டிய காலம். நாட்டைத் தாண்டுவது பற்றிப் பேசவே முடியாது. அண்ணாவின் செத்தவீட்டை நாம் மூன்று கிழமை கழித்துத் தபாலில் வந்த வீடியோ கசெற்றில் பார்த்தோம். எங்களிடம் டெக் இல்லை. மேல்வீட்டில் இருந்த வன்னிக் குடும்பத்தின் வீட்டில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் பனி. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள். யாரோ தேவாரம் பாடுகிறார்கள், பாதியில் காற்றுச் சத்தம் வந்து மூடுகிறது. இப்படிக் கசெற்றில் செத்தவீடு பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

2001 க்குப் பிறகு போயிருக்கலாம். பிள்ளைகள் சின்னன், காசில்லை, பிறகு கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, பிறகு போகாதது பழகிப்போயிற்று. 2023 மார்கழியில் அண்ணாவின் அறைநண்பர் தொலைபேசியில் சொன்ன ஒரு செய்திதான் எம்மை எழுப்பியது. நோர்வேயில் தான் வாழ்ந்த நகரசபையின் மயானத்தில் ஒருவருக்கு முதல் 20 ஆண்டுகள் இடத்துக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு கட்டணம் கட்டவேண்டும். யாரும் கட்டாவிட்டால் அந்த இடத்தை நகரசபை திருப்பி எடுத்துக்கொள்ளலாம். 2018 இல் இருந்து அந்த மனிசன் ஒருவருக்கும் சொல்லாமல் தானே கட்டி வந்திருக்கிறார். "தங்கச்சி, எனக்கும் வயது போகுது. எனக்குப் பிறகு இந்தக் கடிதம் ஆருக்கு வரும்?" என்று கேட்டார்.

எந்த நாட்டில் இருந்தாலும் இதை விசாரித்து வையுங்கள். இடத்துக்கு எத்தனை வருடம், கடிதம் யார் பெயருக்கு வருகிறது என்பவை. ஊரில் இப்படி ஒரு வழக்கம் எங்களுக்குத் தெரியாது.

எந்த மாதம், எங்கே தங்குவது

ஒஸ்லோவில் மார்கழியில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எழும்பி மூன்று மணி கழிந்ததும் விழுந்துவிடும். ஆனியில் இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம். தனியே போகும் பெண்களுக்கு வைகாசிக் கடைசியில் இருந்து ஆவணி வரை நல்லது. இருட்டுக்குள் வழி தேடத் தேவையில்லை. வைகாசி 17 அவர்களுடைய தேசிய நாள். ஊர்வலம் பார்க்க ஆசையென்றால் போகலாம், அறை கிடைப்பது கஷ்டம். பெரிய வெள்ளிக் கிழமையில் போகவேண்டாம். நகரத்தார் மலைக்குப் போய்விடுவார்கள், கடைகள் பெரிய வியாழனில் இருந்தே பூட்டு. சாதாரண ஞாயிறுகளிலும் பெரிய கடைகள் பூட்டுத்தான்.

தங்குமிடத்தில் ஒரு சண்டை நடந்தது. "எங்கடை வீடு இருக்கேக்கை ஏன் ஹோட்டல்? ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று நண்பரின் மனைவி கோபித்தா. எமக்கும் சங்கடம்தான். ஆனால் வீட்டில் தங்கினால் தனிப்பயணம் முடிந்தது. அவர்கள் வேலைக்கு லீவு போடுவார்கள், காரில் ஏற்றி இறக்குவார்கள், மூன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போவார்கள், மயானத்தில் பத்து நிமிடம்தான் நிற்க விடுவார்கள். கடைசியில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வருவோம், தங்குவது வெளியில் என்று ஒப்பந்தம் செய்தோம். கோபம் முழுதாகப் போகவில்லை. போகும்போது கொண்டுபோன முறுக்கு கொஞ்சம் உதவியது.

அறை எடுக்கும்போது மத்திய ரெயின் நிலையத்துக்குப் பத்து நிமிட நடைக்குள் எடுங்கள். காலைச்சாப்பாடு சேர்ந்த அறையாகப் பாருங்கள், நோர்வேயில் அது பெரிய விசயம். பாண், முட்டை, மீன், பழம், கஞ்சி என்று வயிறு நிரம்பச் சாப்பிட்டால் பின்னேரம் வரை தாங்கும். ஏனென்றால் வெளியில் சாப்பாட்டு விலை பார்த்தால் தலை சுற்றும். இரவுச் சாப்பாடு ஒன்றின் விலையில் இங்கே ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம். ஆனால் மத்தியானம் பாண் கட்டிக்கொண்டு போவது அந்த நாட்டவரின் வழக்கம். வங்கி முகாமையாளரும் கடதாசியில் சுற்றிய பாணைத்தான் வாங்கில் இருந்து சாப்பிடுகிறார். ஆகவே நீங்களும் கூச்சப்படாமல் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். போத்தல் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். மரக்கறி, மசாலா எல்லாம் குறுன்லாண்ட் என்ற பகுதிக் கடைகளில் உண்டு. நிலையத்தில் இருந்து நடக்கும் தூரம்தான்.

அங்கே யூரோ இல்லை, நோர்வேக் குரோணர். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழப் பதினொன்றரை என்று கணக்கு வைத்தோம். காசு மாற்ற ஓடத் தேவையில்லை, எல்லா இடத்திலும் வங்கி அட்டைதான். நாம் மாற்றிக்கொண்டு போன தாள்கள் அப்படியே திரும்பி வந்தன. பஸ், ட்ராம், நிலத்தடி ரெயின், தீவுகளுக்குப் போகும் சிறு படகு எல்லாவற்றுக்கும் ஒரே ரிக்கற். 24 மணித்தியாலச் சீட்டு ஏறத்தாழ மூன்று தனிச்சீட்டின் விலை. ஏறுமுன் எடுத்துவிடுங்கள், பிடிபட்டால் தண்டம் பெரிது, "புதுசு, தெரியாது" என்பது எடுபடாது. அவசர எண்கள்: பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113, தீயணைப்பு 110. மருத்துவக் காப்புறுதி அட்டை நோர்வேயில் உங்களுக்குச் செல்லுமா என்பதை உங்கள் காப்புறுதியிடம் முன்னரே கேளுங்கள். ஐரோப்பிய பிரஜைகளுக்கு உள்ள விதி எங்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல.

பார்த்தவை

நகரம் சிறியது. ஒப்பரா மண்டபத்தின் கூரையில் ஏறி நடக்கலாம், இலவசம். 2008 இல் திறந்தது, வெள்ளைச் சலவைக்கல், மழையில் வழுக்கும். அதற்கு எதிரே 2020 இல் திறந்த பெரிய நூலகம். கால் நோகும்போது அங்கே போய் இருந்தோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. விகெலாண்ட் பூங்காவில் 200 க்கும் மேற்பட்ட சிலைகள், அதுவும் இலவசம். எல்லாம் உடுப்பில்லாதவை. முதலில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அரை மணித்தியாலத்தில் பழகிவிட்டது. ஒரே கல்லில் 121 உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் தூணடியில் வெகுநேரம் நின்றோம். ஓவியக்கூடங்களுக்குப் போகவில்லை. மகள் அதற்காக ஏசினாள்.

நகரசபை மண்டபத்தில்தான் ஆண்டுதோறும் மார்கழி 10 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம். எமக்கு அதைவிட வேறொன்று ஞாபகம் வந்தது. மூன்று வயதில் இலங்கையில் இருந்து நோர்வேக்கு வந்த கம்சாயினி குணரத்தினம், 2011 ஆடி 22 இல் உத்தோயாத் தீவில் நடந்த படுகொலையில் தப்பியவர், 2015 இல் இந்த நகரத்தின் துணை மேயரானார். 2021 இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். அண்ணா உயிரோடு இருந்திருந்தால் தொலைபேசியில் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

காசு கொடுத்துப் பார்த்தது ஒன்றே ஒன்று. பூக்டோய் குடாநாட்டில் உள்ள ஃபிராம் கப்பல் அருங்காட்சியகம். 30 ஆம் இலக்க பஸ் அங்கே போகிறது. (அதே பக்கத்தில் உள்ள வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் பெருப்பிப்பதற்காக 2022 இல் மூடப்பட்டது, திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.) பனியில் அகப்பட்டால் பனி நெரிக்காமல் கப்பலை மேலே தூக்கிவிடும்படி அடி உருண்டையாகக் கட்டிய மரக்கப்பல் ஃபிராம். அதற்குள்ளேயே ஏறி, மாலுமிகள் படுத்த சிறு அறைகளையும் பார்க்கலாம். 1893 இல் பிரிட்யொவ் நான்சன் என்பவர் வேண்டுமென்றே அதை வடதுருவப் பனியில் சிக்கவைத்தார், கப்பல் ஏறத்தாழ மூன்று வருடம் பனியோடு மிதந்தது. வெள்ளைக்காரனின் வீரப் பொழுதுபோக்கு என்று நாமும் முதலில் நினைத்தோம்.

ஆனால் எங்கள் கையில் இருக்கும் நீலப் புத்தகத்தின் மூத்த தகப்பன் இந்த மனிதர்தான். முதலாம் உலகப் போருக்குப் பிறகு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையைத் தலைமை தாங்கிச் செய்தவர். 1921 இல் சர்வதேச சங்கத்தின் முதலாவது அகதிகள் உயர் ஆணையாளரானார். அதே ஆண்டுக் கடைசியில் சோவியத் அரசு நாட்டைவிட்டு ஓடியவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டது. இலட்சக்கணக்கான ருஷ்யர் ஒரு பத்திரமும் இல்லாமல் நின்றார்கள். எல்லை தாண்டவும் முடியாது, நின்ற இடத்தில் வேலை எடுக்கவும் முடியாது. எங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க வேண்டிய நிலைமையல்ல. 1922 இல் அவர் ஏற்பாடு செய்த ஒற்றைத்தாள் அடையாளப் பத்திரம்தான் "நான்சன் பாஸ்போட்". ஐம்பதளவு நாடுகள் அதை ஏற்றன. பிறகு ஆர்மீனியருக்கும் கொடுத்தார்கள். இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோகோவ் எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்.

அதுவும் குறையில்லாத பத்திரமல்ல. தந்த நாடே திரும்பி வர விடும் என்ற உத்தரவாதம் ஆரம்பத்தில் அதில் இருக்கவில்லை. முத்திரைக் காசும் உண்டு. நான்சனின் படம் போட்ட முத்திரை, ஐந்து தங்கப் பிராங்க். புத்தகம் புதுப்பிக்கக் காசு கேட்கிறார்களே என்று நாம் அலுவலகத்தில் புறுபுறுப்பது புதிய வழக்கமல்ல போலும். பின்னாளில் 1951 ஜெனீவா உடன்படிக்கையின் 28 ஆம் பிரிவு அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டது. உங்கள் பயணப் பத்திரத்தின் மேல்மட்டையில் இடதுபக்க மூலையில் இரண்டு கோடுகள் சாய்வாக இருக்கும். அவை அந்த உடன்படிக்கைப் பத்திரத்தின் அடையாளம். காலையில் பொலிஸ்காரர் அந்தக் கோடுகளைத்தான் பார்த்திருப்பார்.

கப்பலின் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் நின்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற யப்பானிய அம்மா படம் எடுத்துத் தரவா என்று சைகையால் கேட்டா. எடுத்துத் தந்தா. புத்தகமும் படத்தில் விழுந்திருக்கிறது.

மயானம்

ஒஸ்லோ மயானங்களில் ஒருவரைப் பெயர் கொண்டு கணினியில் தேடலாம். பகுதி எண்ணும் இட எண்ணும் வரும். எங்கள் பெயர்களை அவர்கள் எழுதும் விதம் பலவாறு இருக்கும், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். மகள்தான் கண்டுபிடித்து ஒரு துண்டில் எழுதித் தந்தாள். நண்பர் கூட வருகிறேன் என்றார். முதல் நாள் தனியப் போகிறோம், மறுநாள் உங்களோடு வருகிறோம் என்று சொன்னோம். அதற்கு அவர் கோபிக்கவில்லை.

நிலத்தடி ரெயினில் நகரின் கிழக்குப் பக்கம் போய் இறங்கி நடந்தோம். கசெற்றில் பார்த்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு போனதுதான் பிழை. அங்கே பனி இல்லை. புல், பேர்ச் மரங்கள், புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம். துண்டில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சுற்றினோம். கல் மிகச் சின்னன், முழங்கால் உயரமும் இல்லை. பெயர் நோர்வே எழுத்தில். அடியில் தமிழில் "பெரியண்ணா". அது யார் எழுதுவித்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. சீட்டுப் பிடித்த ஒரு கூட்டாளிக் கூட்டம், சீட்டுக் காசில்.

அந்த நாட்டவர் கல்லுக்கு முன்னால் மூடி போட்ட ஒரு மெழுகுவிளக்கு வைப்பார்கள். சாதாரணப் பலசரக்குக் கடையில் வாங்கலாம், இரண்டு நாளுக்கு மேல் எரியும். ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தோம். நெருப்புப்பெட்டி வாங்க மறந்துவிட்டோம். புல்வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி, எரித்திரிய நாட்டவர் போல இருந்தார், தன் லைற்றரைத் தந்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு அப்பால் போனார். நாங்கள் எழும்பும்வரை அவர் திரும்ப அதைத் தொடங்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். கூட ஆட்கள் இருந்திருந்தால் இருந்திருக்க மாட்டோம்.

மறுநாள் நண்பர் வீட்டில் இடியப்பம், சொதி, கோழிக்கறி. ஆறு வருடக் காசைக் கணக்குப் பார்த்து உறையில் போட்டுக்கொண்டு போயிருந்தோம். வாங்கமாட்டேன் என்றார். நாமும் விடவில்லை. "அவன் எனக்கு முதல் மாரிக்குப் போடக் கோட்டு வாங்கித் தந்தவன், அந்தக் காசை ஆர் ஆருக்குக் குடுக்கிறது?" என்றார். அதற்குமேல் உறையை நீட்ட எமக்குக் கை வரவில்லை. ஆனால் அடுத்த கடிதம் வரும்போது படமெடுத்து எங்களுக்கு அனுப்புவதாகவும், காசை நாங்கள் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார். பெயரை எங்களுக்கு மாற்ற முடியுமா என்று மயான அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாக அவருடைய மகள் சொன்னாள். அந்தப் பிள்ளை நோர்வே மொழியில் தொலைபேசியில் பேசுவதைக் கேட்க ஆசையாக இருந்தது. அண்ணா கடைசிவரை அந்த மொழியோடு மல்லுக்கட்டியவர்.

திரும்பும் கப்பலும் பிற்பகல் 2 மணிக்குத்தான். துறை நகரசபை மண்டபத்தில் இருந்து மேற்கே அரை மணித்தியாலத்துக்குள் நடந்து போகலாம். அட்டையும் புத்தகமும் இம்முறை கைப்பையில். யாரும் கேட்கவில்லை.

பகுதி எண்ணையும் இட எண்ணையும் எங்கள் நாட்குறிப்பின் பின்மட்டையில் எழுதியிருக்கிறோம். மகளின் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. மகன் தனக்கும் அனுப்பச் சொன்னான். அடுத்த கோடையில் அவன் தனியப் போகிறானாம்.